கண்ணை மூடியபின் யார் படிப்பது?

விழுப்புரத்தில் இருக்கும் என் நண்பனுக்கு ஐம்பது வயதுக்குமேல் காது போயிற்று. கூடவே தூக்கமும் போயிற்று. மருந்து ஒத்துக்கொள்ளவில்லை. ஹிப்னாடிஸம் செய்கிறவர்கள் குரலைக் கொண்டு செய்கிறவர்கள். இவனுக்குக் குரல் பயனில்லை. 'நீ எழுதிக் கொடேன்' என்றான். திண்டிவனத்தில் உட்கார்ந்து மூன்று பக்கம் எழுதி, பாசஞ்சர் வண்டியில் கொண்டுபோய்க் கொடுத்தேன். மறுவாரம் காகிதத்தைத் திருப்பித் தந்தான். 'நாலாவது வரியில் கண்ணை மூடச் சொல்கிறாய். மூடினேன். மீதியை யார் படிப்பது?'

வேடிக்கையாகத் தோன்றினாலும் இது விமர்சனக் கேள்விதான். காதுக்கு உரியதை அப்படியே கண்ணுக்குக் கொடுத்திருந்தேன்.

சொல்லால் நிலை மாற்றுவது எங்கள் பக்கத்துக்குப் புதிதல்ல. மேல்மலையனூர் அங்காளம்மன் வழிபாட்டில் பம்பைக்காரர் வர்ணிப்புப் பாடிச் சாமி வரவழைக்கிறார். அவர் கண் எதிரில் இருப்பவர் மேலேயே இருக்கும். உடம்பு அசைந்தால் அடி விரையும். அசையாவிட்டால் அதே வர்ணிப்பு திரும்ப வரும். எதிரே உள்ள உடம்பைப் பார்த்துச் சொல் தன்னைத் திருத்திக்கொள்கிறது. காகிதத்துக்கு அந்தக் கண் கிடையாது. 'உங்கள் கை கனக்கிறது' என்று எழுதியிருந்தேன். கனக்காவிட்டால்? அந்த ஒரு பொய்யில் வாசகன் விழித்துக்கொள்வான். பிறகு வரும் உண்மையும் எடுபடாது.

திரும்பத் திரும்பச் சொல்வதும் அப்படித்தான். கேட்பவன் ஒரு சொல்லையும் தாண்ட முடியாது, படிப்பவன் தாண்டுவான். வண்டியில் என் பிரதியை நானே படித்தபோது, மூன்று தடவை எழுதியிருந்த வரியை இரண்டாம் தடவையே என் கண் விட்டுவிட்டது. மயிலம்கூட வரவில்லை. வரிக்கு நாலு புள்ளி வைத்தால் மயக்கம் வந்துவிடும் என்று நம்பும் நம் கவிஞர்கள் இதை யோசிக்க வேண்டும். புள்ளியில் கண் நிற்பதில்லை. தாலாட்டில் வரி திரும்பினாலும் மாமன், அத்தை என்று ஒரு சொல் மாறிக்கொண்டே வருகிறது. கண்ணைத் தக்கவைக்கவும் அந்தச் சிறு மாற்றம் வேண்டும்.

கண்ணை மூடியே ஆகவேண்டும் என்பதும் இல்லை. 1843இல் ஹிப்னாடிஸம் பற்றிய நூலை வெளியிட்ட ஜேம்ஸ் பிரெய்ட், பளபளக்கும் பொருளில் கண்ணை ஊன்றச் சொல்லித்தான் தொடங்கினார். இமை பிறகுதான் மூடியது. 1976இல் ஏவா பான்யாயும் எர்னஸ்ட் ஹில்கார்டும் நின்ற இடத்திலேயே சைக்கிள் மிதித்தவர்களிடம், கண் திறந்திருக்க, விழிப்பைப் பற்றியே சொல்லி, வழக்கமான முறைக்கு நிகரான ஏற்பைக் கண்டார்கள். ஆக, தூக்கம் இதன் சாரம் அல்ல. ஓரிடத்தில் குவிந்த கவனமே சாரம். படிக்கிறவனிடம் அது பாதி ஏற்கனவே இருக்கிறது.

இரண்டாம் பிரதியில் எனக்கு நிச்சயமாகத் தெரிந்ததை மட்டும் வைத்துத் தொடங்கினேன். பார்வை வரியின் முடிவுக்குப் போகிறது, அடுத்த வரிக்குத் திரும்புகிறது, நடுவில் எப்போதோ இமை மூடித் திறக்கிறது. இதை வாசகன் மறுக்க முடியாது. பிறகுதான், 'கை கனக்கலாம், கனக்காமலும் இருக்கலாம்.' எது நடந்தாலும் வாக்கியம் பொய்க்காது. கட்டளை வாசகனை எதிரே நிறுத்துகிறது. இந்த 'லாம்' அவன் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறது. போய், திரும்பி, தணிந்து, நின்று என்று வினைமுற்றைத் தள்ளிப்போடத் தமிழ் தானாகவே இடம் தருகிறது. அதுவரை மூச்சும் காத்திருக்கிறது. ரயிலடிப் புத்தகங்களிலிருந்து கடன் வாங்கிய 'நீங்கள்' போய் 'நீ' வந்தது. எப்போது வேண்டுமானாலும் காகிதத்தைக் கீழே வைக்கலாம் என்பதை முதலிலேயே எழுதினேன். கண்ணை மூடுவது கடைசி வரிக்குப் போயிற்று.

நல்ல எழுத்து விழிக்கவைக்கும் என்று சொல்லி வந்தவன் நான். இப்போதும் அதை மாற்றிக்கொள்ளவில்லை. ஆனால் தூங்கவைக்கும் எழுத்துக்கும் பொய் சொல்ல உரிமையில்லை என்பதை இந்த மூன்று பக்கத்தில்தான் கற்றேன்.

பலித்ததா என்று சீட்டில் எழுதிக் காட்டினேன். 'சில ராத்திரி' என்றான். 'உன் கட்டுரைகளுக்கும் அந்தச் சக்தி உண்டு.' சிரித்துவிட்டு, 'படிக்கும்போது உன் குரல் கேட்கிறது' என்றான். எட்டு வருஷமாக அவன் கேட்டிராத குரல். அதை நான் எழுதவில்லை.