என்னையும் பாருங்க!

திசையன்விளையிலிருந்து கடலை நோக்கிப் போனால் உவரி வரும். செவ்வாய்க்கிழமை ஆனால் அந்தோணியார் கோயிலுக்குக் கூட்டம் அலைமோதும். வெளியூர்க்காரர்களுக்குத் தெரிந்த உவரி அதுதான். புத்தகம் படிக்கிறவர்களுக்கு இன்னொரு உவரியும் உண்டு. மேடைப் பேச்சால் புகழ்பெற்ற வலம்புரி ஜானும், 'ஆழி சூழ் உலகு' எழுதிய ஜோ டி குரூஸும் பிறந்த ஊர் அது.

இந்தக் கடற்கரை ஜனங்களைப் பற்றி சினிமா என்ன சொன்னது? 1964-ல் 'படகோட்டி' வந்தது. மீனவன் மாணிக்கமாக எம்.ஜி.ஆர். 1977 ஆகஸ்டில் 'மீனவ நண்பன்' வெளியானபோது அவர் முதலமைச்சராகவே ஆகியிருந்தார். உடம்பில் உப்போ கவுச்சியோ ஒட்டாத மீனவன்தான் அவர். அது கடலுக்குப் போகிறவனுக்குத் தெரியாதா என்ன? நம்மைவிட நன்றாகத் தெரியும். தெரிந்தும் கொண்டாடினான். ஏன்?

'எல்லாம் சினிமாப் பைத்தியம் சார்' என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். நம் கதைகளில் பல அப்படித்தான் நகர்ந்திருக்கின்றன.

ஜெயகாந்தனின் 'சினிமாவுக்குப் போன சித்தாளு' ஞாபகம் இருக்கிறதா? 1972-ல் வந்தது. கம்சலை என்ற சித்தாள், ரிக்‌ஷா ஓட்டும் செல்லமுத்து, அவள் மனசு முழுக்க 'வாத்தியார்'. அந்த மோகம் அவள் வாழ்க்கையையே சிதைத்துவிடுகிறது. சென்னைக் குடிசைப் பகுதியின் பேச்சை அவ்வளவு உயிரோடு எழுதியவர்கள் குறைவு. அதைப் படித்த அந்தக் கால ரசிகர்களுக்குக் கோபம் வந்ததிலும் ஆச்சரியமில்லை. ஆனால் எனக்கு ஒரு குறை உண்டு. நட்சத்திரத்தின் மீது ஜெயகாந்தனுக்கு இருந்த கோபத்தில், அந்தப் பெண் ஓர் எச்சரிக்கைப் பலகை ஆகிவிடுகிறாள். நாள் முழுக்கச் செங்கல் சுமக்கிற ஒருத்திக்கு அந்த இருட்டு மூன்று மணி நேரம் என்னதான் கொடுத்தது? அந்தக் கேள்வியில் அவர் இன்னும் கொஞ்ச நேரம் நின்றிருக்கலாம்.

ஹ்ருஷிகேஷ் முகர்ஜியின் 'குட்டி' (1971) இவ்வளவு கடுமையானது இல்லை. தர்மேந்திரா மீது பைத்தியமாக இருக்கும் பள்ளி மாணவியாக ஜெயா பாதுரி. தர்மேந்திராவாக தர்மேந்திராவே. ஸ்டூடியோவுக்கு அழைத்துப் போய் திரைக்குப் பின்னால் நடப்பதைக் காட்டி, அவளைத் தெளிய வைக்கிறார்கள். அதுவே 1975-ல் ஜெயசித்ராவும் ஜெய்சங்கரும் நடித்த 'சினிமா பைத்தியம்' ஆனது. அழகான யோசனைதான். ஒரே சிக்கல், உண்மையைக் காட்டினால் ரசிகன் திருந்திவிடுவான் என்று இந்தக் கதை நம்புகிறது. உவரிக் கரையில் போய் 'எம்.ஜி.ஆர். நிஜ மீனவர் இல்லை' என்று சொல்லிப் பாருங்கள். சிரிப்பார்கள்.

இந்த விஷயத்தின் அடிமடியில் கை வைத்தவர் அசோகமித்திரன். 'புலிக்கலைஞன்' நாலைந்து பக்கக் கதைதான். சினிமாக் கம்பெனி அலுவலகத்துக்கு வாய்ப்புக் கேட்டு வருகிறான் ஒல்லியான, பசியோடு இருக்கும் காதர். புலி வேஷம் கட்டுகிறவன். அந்த அறைக்குள்ளேயே புலியாக மாறிப் பாய்கிறான். பார்க்கிறவர்களுக்கு நிஜமாகவே குலை நடுங்குகிறது. ஆட்டம் முடிந்ததும் பழையபடி கைகட்டி நிற்கும் ஏழை. பிறகு அவனுக்குக் கடிதம் போடுகிறார்கள். அது திரும்பி வந்துவிடுகிறது. ஆள் கிடைக்கவில்லை. அதற்குள் சினிமாவின் தேவையும் மாறிப்போகிறது.

காதருக்குப் புகழ் வெறி இருந்ததா? அவன் கேட்டது சாப்பாட்டுக்கு ஒரு வழி. ஆனால் புலியாக நின்ற அந்த ஐந்து நிமிஷம், ஓர் அறை முழுக்க அவனைப் பார்த்தது. 'என்னையும் பாருங்க' என்கிற அந்த ஆசைக்குத்தான் நாம் பைத்தியம் என்று பெயர் வைத்திருக்கிறோமோ?

இந்த ஆசை முற்றினால் என்ன ஆகும் என்பதற்கும் கதைகள் உண்டு. மார்ட்டின் ஸ்கார்செஸியின் 'தி கிங் ஆஃப் காமெடி'யில் ராபர்ட் டி நீரோ, டி.வி.யில் தலைகாட்டுவதற்காக நிகழ்ச்சி நடத்துகிறவரையே கடத்துகிறார். நம் ஊரில் 2014-ல் வந்த 'ஜிகர்தண்டா'. மதுரையையே நடுங்க வைக்கும் சேதுவுக்கு (பாபி சிம்ஹா) பயம் மட்டும் போதவில்லை, ஹீரோ ஆகவேண்டும். ஆகிறான். ஆனால் தியேட்டர் அவனைப் பார்த்துச் சிரிக்கிறது. தன்னைக் கேலிப்பொருளாகத் திரையில் பார்க்கும் ரவுடியின் முகம் இருக்கிறதே, அது அத்தனை ரசிகர் கதைகளுக்கும் ஒரு பதில்.

இன்று கையில் போன் இருக்கிற எல்லோருமே காதர்கள்தான். அறை மட்டும் பெரிதாகிவிட்டது. எத்தனை பேர் பார்த்தார்கள் என்ற எண்ணிக்கை உடனே வந்துவிடுகிறது. கடிதம் திரும்பி வருவதற்குப் பதில் அந்த எண் நகராமல் நிற்கிறது. வலி அதேதான்.

இப்போது மறுபடி உவரி. 'படகோட்டி'யை அந்த ஜனங்கள் கொண்டாடியதற்கு நான் நினைக்கும் காரணம் எளிமையானது. அவர்களுடைய கடலையும் வலையையும் சண்டையையும் ஊரே டிக்கெட் வாங்கிப் பார்த்தது. நட்சத்திரத்தைப் பார்க்க வந்த கண்கள் கொஞ்சம் இவர்கள் மீதும் பட்டன. ஆனால் அந்த வெளிச்சத்தில் தெரிந்த முகம் ஒன்றே ஒன்று. அது மீனவனுடையது இல்லை.

நாற்பது வருஷம் கழித்து, 2004-ல், ஜோ டி குரூஸ் அந்த முகத்தை விலக்கிவிட்டு ஒரு புத்தகம் எழுதினார். 'ஆழி சூழ் உலகு' நாவலின் ஆமந்துறையில் கதாநாயகன் என்று ஒருவரைக் கை காட்ட முடியாது. தொம்மந்திரையார், கோத்ராப்பிள்ளை, காகு சாமியார் என்று ஓர் ஊரே வருகிறது, அந்த ஊரின் பேச்சோடும் சண்டையோடும் கள்ளத்தனத்தோடும். புயலில் சிக்கி நடுக்கடலில் தத்தளிக்கிறவர்களை நினைத்துக்கொள்ளுங்கள். அங்கே கேமரா இல்லை, கைதட்ட ஆள் இல்லை. ஒருவன் இன்னொருவனுக்காக விட்டுக்கொடுத்தால் அது அவனுக்கும் கடலுக்கும் மட்டும்தான் தெரியும். சினிமா ஹீரோ செய்வதாகக் காட்டும் தியாகத்தை, யாரும் பார்க்காத இடத்தில் செய்கிறவர்களின் கதை அது.

'புலிக்கலைஞன்' படிக்க ஒரு டீ ஆறும் நேரம் போதும். 'ஆழி சூழ் உலகு' பெரிய புத்தகம், அந்த வட்டார மொழி பழகவே ஐம்பது பக்கம் ஆகும். ஆனாலும் இதே வரிசையில் இரண்டையும் படித்துப் பாருங்கள். அடுத்த முறை கட்அவுட்டுக்குப் பால் ஊற்றும் பையனைப் பார்த்து 'லூசுப் பய' என்று சொல்ல வாய் வராது. 'இவனை யாருப்பா பார்த்தாங்க இதுவரைக்கும்?' என்று கேட்கத் தோன்றும்.