கண்காட்சி முடிந்த பிறகு பபாசி என்ன செய்கிறது?

சென்னைப் புறநகரான திருமுல்லைவாயிலில் நல்ல தமிழ் நாவல் ஒன்று வாங்க ஜனவரி வரை காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். சி.டி.எச். சாலையில் ‘புக் ஸ்டோர்’ என்று பலகை மாட்டிய கடைகளில் நோட்டும் கைடும் ஜாமெட்ரி பாக்ஸும் கிடைக்கும். நாவல் கேட்டால் கடைக்காரர் உதட்டைப் பிதுக்குவார். ஆகவே மின்சார ரயிலில் சென்ட்ரல் போய், மெட்ரோ பிடித்து நந்தனத்தில் இறங்கி, ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தில் நடக்கும் புத்தகக் கண்காட்சியில் ஒரு வருடத்துக்கு வேண்டியதை ஒரே நாளில் வாங்கி வருகிறார்கள். இதைச் சாத்தியமாக்கியது ஒரு வணிகச் சங்கம்: தென்னிந்தியப் புத்தக விற்பனையாளர் மற்றும் பதிப்பாளர் சங்கம், சுருக்கமாகப் பபாசி. அச்சங்கத்தின் பெருமை, குறை இரண்டுக்கும் வேர் இந்தக் கண்காட்சிதான்.

பெருமை சிறியதல்ல. 1977இல் அண்ணா சாலை மதரஸா-இ-ஆஸம் பள்ளி வளாகத்தில் தொடங்கிய சென்னைப் புத்தகக் கண்காட்சி, காயிதே மில்லத் கல்லூரி, பூந்தமல்லி நெடுஞ்சாலை செயின்ட் ஜார்ஜ் பள்ளி என்று இடம் மாறி மாறி நந்தனத்துக்கு வந்து, இன்று சுமார் 900 அரங்குகளாக வளர்ந்திருக்கிறது. 2015 வெள்ளத்துக்குப் பிறகு ஜனவரியில் நடத்த முடியாமல் போனபோது, கோடையில் தீவுத்திடலில் நடத்திக் காட்டினார்கள். கொரோனா ஆண்டுகளிலும் தேதி தள்ளிப்போனதே தவிர, கண்காட்சி நின்றுபோகவில்லை. தனியொரு பதிப்பாளரால், அவர் எவ்வளவு பெரியவராக இருந்தாலும், இதைச் செய்திருக்க முடியாது. தமிழ்ப் பதிப்புத் தொழிலின் ஆண்டுக் கணக்கே இந்தக் கண்காட்சியைச் சுற்றித்தான் ஓடுகிறது: புதுப் புத்தகங்கள் டிசம்பரில் அச்சேறுகின்றன, பைண்டர்கள் இரவு பகல் பார்ப்பதில்லை.

எல்லா அரங்கிலும் ஒரே 10 சதவீதக் கழிவு என்பது பபாசியின் விதி. எனக்கு இதில் மிகுந்த மதிப்பு உண்டு. பணபலம் உள்ளவர் 40 சதவீதம் தள்ளிக் கொடுத்துப் பக்கத்து அரங்கின் சிறு பதிப்பாளரை நசுக்க முடியாது. வாசகரும் விலையை விட்டுவிட்டுப் புத்தகத்தைப் பார்க்கிறார்.

ஆனால் இந்த நல்ல விதியின் மறுபக்கத்தைக் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். 300 ரூபாய்ப் புத்தகம் கண்காட்சியில் விற்றால் பதிப்பாளருக்கு 270 ரூபாய், அன்றைக்கே. அரங்கு வாடகை, ஆள் கூலி போனாலும் கையில் ரொக்கம் இருக்கும். அதே புத்தகத்தை ஆவடியிலோ அம்பத்தூரிலோ ஒரு கடைக்கு 35 சதவீதக் கழிவில் கொடுத்தால் 195 ரூபாய். அதுவும் பல மாதம் கழித்து, நாலு முறை போன் போட்ட பிறகு. பதிப்பாளர் எந்தப் பக்கம் சாய்வார்? வாசகரும் எப்படியும் ஜனவரியில் கழிவு உண்டு என்று வாங்குவதைத் தள்ளிப்போடுகிறார். புறநகர்க் கடைக்காரர் நாவலை எடுத்துவிட்டு கைடை வைக்கிறார். பெயரில் ‘விற்பனையாளர்’ என்பதைப் பதிப்பாளருக்கு முன்னால் வைத்திருக்கும் சங்கம், சில்லறை விற்பனையாளருக்கென்று தனிக் கடன் விதியோ, விற்காத பிரதியைத் திருப்பும் முறையோ, பொதுக் கிடங்கோ உருவாக்கியிருக்க வேண்டும்.

இதற்கு முன்மாதிரி தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. பக்கத்திலேயே அம்பத்தூர் தொழிற்பேட்டை இருக்கிறது. அங்குள்ள உற்பத்தியாளர் சங்கமான ஐமாவும் ‘அக்மி’ என்ற இயந்திரக் கண்காட்சியை நந்தம்பாக்கம் வர்த்தக மையத்தில் நடத்துகிறது. அதோடு நிற்காமல், தொழில்நுட்ப மையம் ஒன்றையும் வைத்திருக்கிறது. தனியாகச் செய்ய முடியாததைச் சிறு பட்டறைக்காரர் சேர்ந்து செய்துகொள்வதற்குத்தானே சங்கம்? ஜெர்மனியின் புத்தக வணிகர் சங்கம் 1825இல் லைப்சிக்கில் தொடங்கியது. ஃபிராங்பர்ட் கண்காட்சி அதனுடையதுதான். ஆனால் விற்பனையில் இருக்கும் நூல்களின் முழுப் பட்டியலை 1971 முதல் பராமரித்து வருவதும் அதே அமைப்புதான். எந்தப் புத்தகம், என்ன விலை, அச்சில் இருக்கிறதா, எங்கே கேட்பது என்று எந்த ஊர்க் கடைக்காரரும் பார்த்துச் சொல்லிவிடலாம். தமிழில் ஒருவர் பத்து வருடத்துக்கு முந்தைய மொழிபெயர்ப்பு ஒன்றைத் தேடினால், நாலு பதிப்பகத்துக்குப் போன் போட வேண்டியிருக்கிறது.

அடுத்தது, அரசிடம் பேசும் வேலை. திருமுல்லைவாயிலில் வீடு வைத்திருப்பவர் ஆவடி மாநகராட்சிக்குக் கட்டும் சொத்து வரியோடு நூலக வரியும் 10 சதவீதம் சேர்ந்தே போகிறது. அதாவது புத்தகமே வாங்காத வீட்டுக்காரரும் நூலகங்களுக்குப் பணம் தருகிறார். அந்தப் பணத்தில் நூலகங்களுக்கு நூல் வாங்க அரசு தரும் நூலக ஆணைதான் பல பதிப்பகங்களுக்கு உயிர்நாடி. எந்த நூல், எத்தனை பிரதி, அச்சுப் பாரத்துக்கு என்ன விலை என்ற கேள்விகள் நெடுங்காலம் மூடிய அறைக்குள் தீர்மானிக்கப்பட்டன. 2024இல் வெளிப்படையான கொள்முதல் கொள்கையை அரசு அறிவித்து, விண்ணப்பத்தை இணையவழிக்குக் கொண்டுவந்தது. வரவேற்க வேண்டிய மாற்றம். இனி அது சொன்னபடி நடக்கிறதா என்று ஆண்டுதோறும் கணக்குக் கேட்க வேண்டியது பபாசிதான்.

வரி விஷயமும் அப்படித்தான். புத்தகத்துக்கு ஜிஎஸ்டி கிடையாது. கேட்க நன்றாக இருக்கும். விற்கும் பொருளுக்கு வரி இல்லாததால், காகிதத்துக்குக் கட்டிய வரியைப் பதிப்பாளர் கழித்துக்கொள்ள வழியில்லை. அது அப்படியே புத்தக விலையில் ஏறுகிறது. 2017இல் 12 சதவீதமாக இருந்த காகித வரி 2025 செப்டம்பரில் 18 ஆனது. பள்ளி நோட்டுக்கான காகிதத்துக்கு அப்போது விலக்குக் கிடைத்தது, புத்தகக் காகிதத்துக்குக் கிடைக்கவில்லை. முந்நூறு பிரதி அடிக்கும் பதிப்பாளர் தனியாக யாரிடம் போய் முறையிடுவார்?

அரசோடு பேச வேண்டிய சங்கம் அரசைப் பார்த்துத் தயங்கியதும் உண்டு. 2020 ஜனவரிக் கண்காட்சியில், அன்றைய அரசை விமர்சித்த நூலை விற்ற பத்திரிகையாளர் ஒருவரின் அரங்கைக் காலிசெய்யச் சொன்னது பபாசி. பிறகு அவர் கைதானார். அரசின் தயவு இல்லாமல் இவ்வளவு பெரிய விழா நடத்த முடியாது என்ற நெருக்கடி எனக்குப் புரிகிறது. 2007இல் முதல்வராக இருந்த கலைஞர் தந்த ஒரு கோடி ரூபாயின் வட்டியில்தான் ஆண்டுதோறும் பொற்கிழி விருதுகள் வழங்கப்படுகின்றன; 2022 முதல் மாவட்டப் புத்தகத் திருவிழாக்களிலும் அரசும் பபாசியும் கைகோத்து நிற்கின்றன. இவற்றால் வாசகருக்கு லாபமே. ஆனாலும் ஒரு நூல் சட்டவிரோதமா என்று சொல்ல நீதிமன்றம் இருக்கும்போது, அந்தத் தீர்ப்பைப் பதிப்பாளர் சங்கமே எழுதித் தருவது ஒருக்காலும் சரியல்ல. நாவலுக்காக எதிர்ப்பைச் சந்தித்த எழுத்தாளர் பெருமாள்முருகனின் விவகாரத்தில் உயர் நீதிமன்றத்தின் படியேறியது முற்போக்கு எழுத்தாளர் சங்கம். 2016இல் எழுத்தாளருக்குச் சாதகமாகக் கிடைத்த அந்தத் தீர்ப்பின் பலனை இன்று எல்லாப் பதிப்பாளரும்தான் அனுபவிக்கிறார்கள்.

இத்தனைக்கும் அடியில் இருப்பது அரங்கு ஒதுக்கீடு. ஆண்டு வருமானம் கண்காட்சியின் சில நாட்களில் அடங்கியிருக்கும்போது, யாருக்கு இடம், யாருக்கு இல்லை என்று சொல்லும் அதிகாரம் மிகப் பெரியது. உறுப்பினர் அல்லாத சிறு பதிப்பாளருக்கு இடம் கிடைப்பதில்லை என்ற புகார் ஆண்டுதோறும் எழுகிறது. நாலு பேர் சேர்ந்து ஓர் அரங்கைப் பிடித்து, ஆளுக்கொரு அலமாரித் தட்டில் தங்கள் புத்தகங்களை அடுக்கி வைத்திருப்பதை நந்தனத்தில் யாரும் பார்க்கலாம். அவர்களிடம்தான் பெரும்பாலும் புதுக் கவிஞர்கள் இருக்கிறார்கள். விண்ணப்பித்தவர் பட்டியல், ஒதுக்கீட்டின் அடிப்படை, வாடகை வரவு, செலவு ஆகிய நான்கையும் கண்காட்சி தொடங்கும் முன்பே பொதுவில் வைக்கப் பபாசி முடிவெடுத்தால், அதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை, பணமும் தேவையில்லை.