வாய்மொழிக் கதையும் சித்திர நூலும்

நாடோடிக் கதை செவிக்குரியது. சித்திர நூலோ கண்ணுக்குரியது. செவிவழி வாழ்ந்த கதையொன்று சிறுவர் சித்திர நூலாக மாறும்போது அது பெறுவது யாது, இழப்பது யாது என்பதை இங்கு ஆராயக் கருதுகின்றேன். சிறுவர் நூல் பற்றிய ஆராய்ச்சிதானே என அன்பர்கள் இதனை எளிதாக எண்ணற்க. ஒரு சமூகத்தின் கதைகள் அடுத்த தலைமுறையைச் சென்றடைவது இந்நூல்களையும் பொறுத்ததாகும்.

கதை சொல்லும் பாட்டிக்குச் சொல் மட்டுமே கருவியன்று. குரல் தாழும், கை நீளும், கண் அகலும். புலி வருகின்றதென்பதைச் சொல்லால் அறியுமுன்னரே பாட்டியின் முகத்தாற் குழந்தை அறிந்துவிடும். கதை அச்சேறியதும் இவை யாவும் மறைகின்றன. அவ்வெற்றிடத்தை நிரப்ப வந்ததே சித்திரம். ஆகவே சித்திரகாரர் கதைக்கு அணி செய்பவர் அல்லர். அவரும் கதை சொல்பவரே. கதையின் ஓசையைக் காத்தலும், அது யாருடைய கதை என்பதை மறவாதிருத்தலும் அவர் கடன். இவ்வளவுகோலைக் கொண்டு ஆபிரிக்கக் கதைகளைத் தழுவிய இரு நூல்களையும் நம் நாட்டு நூலொன்றையும் நோக்குவாம்.

நுளம்பு மனிதர் காதருகே இரைவது ஏன் என்பதைக் கூறும் மேற்கு ஆபிரிக்கக் கதையை வேர்னா ஆர்டிமா எழுத, லியோ டில்லனும் டயான் டில்லனும் சித்திரந் தீட்ட, 1975இல் அமெரிக்காவில் ஒரு நூல் வெளிவந்தது. நுளம்பின் பொய்யைக் கேளாதிருக்க உடும்பு தன் காதிற் குச்சி செருகிக்கொள்கின்றது. அதனால் மலைப்பாம்பு அஞ்ச, முயல் ஓட, காகம் கத்த, குரங்கு தாவ, ஆந்தைக் குஞ்சொன்று மாள்கின்றது. தாய் ஆந்தை கதிரவனை அழைக்க மறுக்கவே பொழுது விடியவில்லை. ஒவ்வொரு விலங்கின் அசைவையும் நம் இரட்டைக்கிளவி போன்ற ஒலிச்சொற்களால் ஆசிரியர் காட்டுகின்றார். விடியாத இரவிலே சித்திரங்களின் பின்னணியும் கருமையாகின்றது. பாட்டியின் குரல் தாழ்வதற்கு இதுவே ஈடு. 1976இல் இந்நூல் கால்டிகொட் பதக்கம் பெற்றது தகுதியே. ஆயினும் 'மேற்கு ஆபிரிக்கக் கதை' என்பதோடு முகப்பு அமைகின்றது. பல நாடுகளும் பல நூறு மொழிகளும் கொண்ட அந்நிலப்பரப்பில் இஃது எம்மக்களின் கதை? யாழ்ப்பாணத்துக் கதையொன்றைத் 'தென்னாசியக் கதை' என்றளவில் வெளியிட்டால் நம் மனம் நிறையுமா?

ஜோன் ஸ்ரெப்ரோ 1987இல் வெளியிட்ட 'முபாரோவின் அழகிய புதல்வியர்' இன்னொரு வகையிற் சிந்தனைக்குரியது. இதன் மூலக்கதை, தென்னாபிரிக்காவில் கேப் குடியேற்றத்தின் கிழக்கெல்லை மக்களிடையே திரட்டித் தியால் என்பார் 1882இல் வெளியிட்ட தொகுதியில் உள்ளது. ஸ்ரெப்ரோ அதனைப் பழைய சிம்பாப்வேயின் கற்கட்டடங்களின் நடுவே கொண்டுசென்று வைத்தார். ஆபிரிக்கரை நாகரிகமற்றவராகக் காட்டிய படங்களுக்கு மாறாக, மாண்பு மிக்க மாந்தரை அவர் தீட்டியமை போற்றத்தக்கது. ஆனால் கதை தன் ஊரைவிட்டுப் பெயர்ந்தது. அழகிய படத்தைக் கண்ட பிள்ளைக்கு அப்படமே கதையின் பிறப்பிடமாகிவிடும்.

இனி நம் நாட்டிற்கு வருவாம். 2020இல் மறைந்த சிபில் வெத்தசிங்க அவர்களின் 'குடைத் திருடன்' சிங்களத்தில் 1956இல் நூலாயிற்று. இது பழங்கதையன்று, அவரே புனைந்தது. எனினும் நாடோடிக் கதையின் இயல்பு அதன்கண் உண்டு. குடையை அறியாத கிராமத்தவர் வாழையிலையும் கிழங்கிலையும் சாக்கும் பிடித்து மழையிற் செல்கின்றனர். கிரி மாமா பட்டணத்திற் குடை வாங்குகின்றார். கோப்பி அருந்தும் வேளையில் அது களவுபோகின்றது. மீண்டும் வாங்க, மீண்டும் களவு. கடதாசித் துண்டுகள் காட்டிய வழியே சென்று திருடனைத் தேடும் அவர், கண்டெடுத்த குடைகளுள் ஒன்றைத் திருடனுக்கே விட்டுவருகின்றார். திருடன் ஒரு குரங்கு!

மழைக்குப் பெயர்பெற்ற நாவலப்பிட்டியில் இந்நூலை வகுப்பிற் காட்டினேன். சாக்குப் போர்த்தியவரின் படத்தைக் கண்ட தோட்டத்துச் சிறுமி ஒருத்தி, "எங்கம்மாவும் கொங்காணி போட்டுக்கிட்டுத்தான் சார் கொழுந்தெடுக்கப் போகும்" என்றாள். அதுவரை வகுப்பில் வாய் திறவாதவள் அவள். அயல்மொழி நூலின் ஒரு படம், அவள் வீட்டைப் பற்றி அவளைப் பேசவைத்தது. வெத்தசிங்க தாம் அறிந்த மக்களையே வரைந்தமையால் விளைந்த பயன் இது.

மலைநாட்டு மக்களின் பாடல்களைச் சி. வி. வேலுப்பிள்ளை திரட்டித் தந்தார். கண்டிச் சீமைக்கு நடந்து வந்தவர்கள் தம்மோடு கொணர்ந்த கதைகள் பல இன்னும் லயங்களில், முதியோர் நாவில் உள்ளன. மாணவர்கள் விடுமுறையில் ஒரு கதையேனும் கேட்டெழுதுவாராக. சொன்னவர் பெயர், ஊர், அவர் எழுப்பிய ஒலி, பிள்ளைகள் சிரித்த இடம் யாவற்றையும் குறிப்பாராக. சித்திரம் பின்னர் வரட்டும். சொன்னவரை அறியாது தீட்டப்படும் படம் எத்துணை அழகியதாயினும், வேறொருவர் வீட்டின் படமாகவே முடியும்.