இரந்து கேட்கும் துணிவு: அட்சரமணமாலையும் எபிரெயர் நிருபமும்

திருவண்ணாமலை ரமணாசிரமத்தில் இன்றும் ஓதப்படும் அருணாசல அட்சரமணமாலை ஒரு பிச்சைப் பாட்டாகப் பிறந்தது. ரமணர் விரூபாட்ச குகையில் வாழ்ந்த காலத்தில் (1899–1916), ஊருக்குள் பிட்சைக்குச் செல்லும் அடியார் பாடுவதற்கென இதனை இயற்றினார். இதன் 108 கண்ணிகள் பெரும்பாலும் அகரவரிசையைத் தழுவிச் செல்வன. 119ஆம் சங்கீதத்தின் எழுத்தடைவைக் கற்ற நமக்கு இவ்வமைப்பு அந்நியமன்று.

பாட்டின் உயிர் அதன் துணிவில் உள்ளது. தலைவனை நாடும் தலைவியைப்போல் ஆன்மா அருணாசலனிடம் கெஞ்சுகிறது; ஊடுகிறது; வழக்காடுகிறது. இதனை மனித முயற்சியின் சமயமென்று ஒதுக்கும் நமது வழக்கமான திறனாய்வு இங்குச் செல்லாது. தன்னை வீட்டினின்று ஈர்த்தவன் அவனே என்று பாட்டே அறிக்கையிடுகிறது. அருள் முந்தியது என்பதை அதுவும் அறியும்.

அப்படியாயின் வேறுபாடு யாது? எபிரெயர் 4:16 கூறும் தைரியத்துக்கு மூலச்சொல் 'பர்ரேசியா'. கிரேக்க நகரின் குடிமகன் அவையில் அஞ்சாது பேசும் உரிமையை அது குறித்தது. நமக்கு அவ்வுரிமையை ஈந்தது நமது ஏக்கத்தின் ஆழமன்று. நம் பலவீனங்களுக்காகப் பரிதபிக்கும் பிரதான ஆசாரியர் தம் இரத்தத்தினால் திறந்த வழியே (10:19-20). மேலும், பாட்டின் ஏக்கம் 'நான்' கரையும் ஒருமையை நாடுகிறது. நிருபத்தில் கேட்பவன் கரைவதில்லை. சபையோடு கூடி, பொறுமையோடு நிற்கிறான் (10:25, 36).

இதனை நாம் பெருமையாகப் பேசுமுன் நமது ஜெபக்கூட்டங்களை நோக்க வேண்டும். அங்கே பல வேளைகளில் விடாமுயற்சி, வரத்துக்குச் செலுத்தும் விலையாகிவிட்டது. பிள்ளையை நோய்க்குப் பறிகொடுத்த தாயிடம் விசுவாசம் போதவில்லை என்று கூறப்படும்போது, கிருபாசனம் விசாரணை மன்றமாகிறது. மீண்டும் அணுகும் துணிவையே அவள் இழக்கிறாள்.

நள்ளிரவில் கதவைத் தட்டிய நண்பனின் உவமை நம்மைத் திருத்தக்கூடும். லூக்கா 11:8இல் வரும் 'அனைதேயா' என்னும் மூலச்சொல்லுக்கு வெட்கமின்மை என்பதே நேர்ப்பொருள். நமது வேதாகமத்தில் அது வருந்திக் கேட்டலாகத் தணிந்துள்ளது. அவன் வெட்கத்தை விட்டுக் கேட்ட மூன்று அப்பங்களும் பிரயாணத்தில் வந்த விருந்தினனுக்கே. விரூபாட்ச குகையின் அடியார் பாடிப் பெற்ற உணவும் குகையிலிருந்தோர் பகிர்ந்துண்ட உணவே.

ஆகவே மன்றாட்டைக் குறித்துப் பிரசங்கிக்கும் நாம், எத்தனை இரவு தட்டினோம் என எண்ணுவதை விடுவோம். யார் பசிக்காகத் தட்டினோம் எனக் கேட்போம். பிள்ளையை இழந்த அத்தாய்க்காகத் தட்டுவதும் நம் கடனே.