பழமலையைக் காணோம்

உங்கள் வீட்டில் ஃப்ளைட் சிமுலேட்டர் ஓட்டும் பையனோ பெண்ணோ இருந்தால், ‘சீனரி வாங்கணும், காசு கொடு’ என்ற விண்ணப்பம் சீக்கிரமே வரும். கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

விருத்தாசலம் போயிருந்தேன். நண்பர் அங்கே பீங்கான் ஃப்யூஸ் கட்டைகள் செய்யும் சின்னப் பட்டறை வைத்திருக்கிறார். மகன் பகலில் பாலிடெக்னிக், ராத்திரியில் பைலட். மாடி அறையில் ஜாய்ஸ்டிக்கைப் பிடித்துக்கொண்டு, நெய்வேலி ஓடுதளத்திலிருந்து ஒரு செஸ்னாவைக் கிளப்பினான். விருத்தாசலத்துக்கு ஏர்போர்ட் கிடையாது. கிட்டத்தில் இருப்பது நெய்வேலிதான். மேற்கே திரும்பினால் ஏழெட்டு நிமிஷத்தில் ஊர் வர வேண்டும். வந்தது. மணிமுத்தாறு தெரிந்தது. ஜங்ஷனிலிருந்து நாலு பக்கமும் பிரியும் தண்டவாளம் தெரிந்தது.

“கோயில் எங்கேடா?”

“அதான் அங்கிள் காணோம். காசு கொடுத்து ஆட்-ஆன் வாங்கினேன். ‘டீட்டெயில்டு டெரெய்ன்’னு போட்டிருந்தான்.”

எல்லாமே ஐந்தைந்து என்று பெருமைப்படும் கோயில் அது. கோபுரமும் ஐந்து. அது இருக்க வேண்டிய இடத்தில் கல்யாண மண்டபம் மாதிரி மொட்டை மாடிக் கட்டடங்கள். விற்றவன் ஏமாற்றவில்லை என்பதுதான் இதில் விசேஷம். டெரெய்ன் என்று சொன்னான், டெரெய்னைக் கொடுத்துவிட்டான்.

சிமுலேட்டரின் பூமி மூன்று அடுக்கு. அடியில் இருப்பது ‘மெஷ்’, அதாவது மேடு பள்ளம். அதன் மேல் போர்த்துவது தரையின் படம். அதற்கும் மேலே நடுவது வீடு, மரம், கோபுரம். இதை விளக்கியபோது மகனைவிட அப்பாவுக்குச் சட்டென்று புரிந்தது. “அச்சுல வார்க்கிறது வேற, கிளேஸ் பூசறது வேறன்னு சொல்லுங்க.” அதேதான்.

முதலில் அச்சு. 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்கலம் பதினோரு நாள் பூமியைச் சுற்றி, நிலப்பரப்பில் சுமார் 80 சதவிகிதத்தை ரேடாரால் அளந்தது. நம் பக்கத்துக்கு முதலில் 90 மீட்டருக்கு ஓர் உயரப் புள்ளி கிடைத்தது. 2014-க்குப் பிறகு 30 மீட்டருக்கு ஒன்று. இலவசமாகவும் காசுக்கும் கிடைக்கும் பல மெஷ்களுக்கு இதுதான் மூலப்பொருள். கொடைக்கானல் மேல் பறக்கிறீர்களா, தாராளமாக வாங்குங்கள். 90-க்கும் 30-க்கும் உள்ள வித்தியாசம் பள்ளத்தாக்கில் உங்கள் உயிரைக் காப்பாற்றும். விருத்தாசலத்தில்? கடல் மட்டத்திலிருந்து சுமார் 45 மீட்டர். தோசைக்கல்லை எத்தனை நுணுக்கமாக அளந்தாலும் அது தோசைக்கல்தான். 30 மீட்டர் கட்டத்தில் ஒரு முழுக் கோபுரம் ஒன்றிரண்டு புள்ளிகளுக்குள் கரைந்துவிடும்.

வேடிக்கை என்னவென்றால், ஊர் பெயரே மலை. விருத்த அசலம், கிழ மலை. தேவாரத்தில் முதுகுன்றம். சாமி பெயர் பழமலைநாதர். மலை மண்ணுக்கடியில் இருப்பதாகச் சொல்வார்கள். நாசாவின் ரேடாருக்கு அது சிக்கவில்லை.

அச்சும் கிளேஸும் பொருந்தவில்லை என்றால் வேறு கூத்து. நெய்வேலிச் சுரங்கம் ஒரே இடத்தில் இருப்பதில்லை. ஒரு பக்கம் தோண்டிக்கொண்டே போய் மறு பக்கம் மூடிக்கொண்டே வருகிறார்கள். 2000-ல் அளந்த மெஷ் மேல் இன்றைய சாட்டிலைட் படத்தைப் போர்த்தினால், பழைய பள்ளத்துக்குள் புது மரங்களும், சமதரையில் சுரங்கத்தின் படமும் வந்து உட்காரலாம். அதனால் சீனரி வாங்குகிறவர்கள் எத்தனை மீட்டர் என்று மட்டும் கேட்காதீர்கள். எந்த வருஷம் என்றும் கேளுங்கள்.

படத்துக்கு இன்னொரு குணம் உண்டு. ஐயாயிரம் அடியிலிருந்து பிரமாதம். ஐந்நூறு அடிக்கு இறங்கினால் பஸ் ரோட்டில் ஒட்டிக்கிடக்கும். கோபுரம் தரையில் படுத்திருக்கும், பக்கத்தில் நிழலோடு. படம் எடுத்த அன்றைக்கு ஆற்றில் தண்ணீர் இருந்தால் வருஷம் பூரா தண்ணீர்.

2020 ஆகஸ்ட்டில் வந்த மைக்ரோசாஃப்ட் சிமுலேட்டர், சாட்டிலைட் படத்தைப் பார்த்துக் கட்டடங்களைத் தானே எழுப்பும்படி கம்ப்யூட்டருக்குப் பழக்கியது. பெரிய சாதனை, சந்தேகமில்லை. ஆனால் மெல்பர்ன் நகரில் சாதாரண வீடுகளுக்கு நடுவே 212 மாடியில் ஊசி மாதிரி ஒரு கோபுரம் முளைத்தது. ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்பில் யாரோ ஒரு மாணவர் 2 என்பதற்கு பதில் 212 என்று தட்டிவிட்டார். அங்கே இல்லாத கோபுரம் வந்தது, இங்கே இருக்கிற கோபுரம் போயிற்று. இரண்டுக்கும் காரணம் ஒன்றே. உயரத்தை எந்த மெஷினும் பார்க்கவில்லை; யாராவது ஒரு மனிதர் எழுதியிருக்க வேண்டும்.

இதில் ஒரு பழைய கதை இருக்கிறது. இந்தியாவை முக்கோணம் முக்கோணமாக அளந்த லாம்டன், 1802 ஏப்ரல் 10-ல் பரங்கிமலை அருகே தன் அடிக்கோட்டை அளக்கத் தொடங்கினார். மீனம்பாக்கம் விமான நிலையம் இப்போது அதன் அருகில்தான். தெற்கே வந்தபோது ஏறி நின்று பார்க்க மலை இல்லை. என்ன செய்தார்? கோபுரங்களில் ஏறினார். 1808-ல் தஞ்சைப் பெரிய கோயிலில் அரை டன் தியடோலைட்டை ஏற்றும்போது கயிறு அறுந்து, கருவி சுவரில் மோதி நசுங்கியது. திரும்பச் சரிசெய்துகொண்டு தொடர்ந்தார்.

சமவெளியில் கோபுரம்தான் மலை. வெறுங்கண்ணால் வழி பார்த்துப் பறக்கிற பைலட்டுக்கும் அதுதான் அடையாளம். மேப் போட்டவர்களுக்கு அப்போது தெரிந்த இந்த விஷயம், இன்றைக்கு ‘டீட்டெயில்டு டெரெய்ன்’ விற்பவர்களுக்கு மறந்துவிட்டது. அவர்களையும் முழுக்கக் குறை சொல்ல முடியாது. கையால் செய்த சீனரி பெரும்பாலும் ஏர்போர்ட்டைச் சுற்றித்தான் விற்கும். ஏர்போர்ட் இல்லாத ஊருக்கு வாங்க ஆள் இல்லை.

ஆகவே மலைநாட்டுக்கு மெஷ் வாங்குங்கள். சமவெளிக்கு, கட்டடங்களும் அடையாளங்களும் தனியாகச் செய்து வைத்த சீனரி இருக்கிறதா என்று தேடுங்கள். இல்லையென்றால் காசைப் பத்திரப்படுத்திவிட்டு, ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்பில் உங்கள் ஊர் கோயிலையும் புகைபோக்கியையும் உயரத்தோடு குறியுங்கள். இலவசம்தான். 212 என்று மட்டும் தட்டாதீர்கள்.

நண்பர் மகன் இப்போது ப்ளெண்டர் மென்பொருளில் கிழக்குக் கோபுரத்தைத் தானே கட்டுகிறான். மேல் நிலைகளின் அளவு சரியாக வரவில்லை என்று புலம்பினான். 

“நாளைக்குப் பட்டறைக்கு வா. களிமண்ல ஒண்ணு பிடிச்சுத் தர்றேன், பார்த்துச் செய்” என்றார் அப்பா.