சின் நாட்டு மூங்கிலேட்டில் அலுவலர் ஒழுக்கம்

சீனத்தின் ஹூபே மாகாணத்து யுன்மெங் என்னுமிடத்தில் 1975 ஆம் ஆண்டின் இறுதியில் அகழப்பெற்ற பதினோராவது கல்லறையினுள்ளே 1,150க்கு மேற்பட்ட மூங்கிலேடுகள் கிடைத்தன. கி.மு. 217 அளவில் மறைந்த ஷீ என்னும் சின் நாட்டு எழுதுவினைஞர் ஒருவரின் உடலைச் சூழ அவை வைக்கப்பட்டிருந்தன. பெரும்பாலானவை சட்டம் சார்ந்தவை. அவற்றிடையே 51 ஏடுகள் கொண்ட சிறுநூலொன்று அலுவலர் ஒழுகும் நெறி கூறுகின்றது. அதன் முதற்சொற்களையே தொகுப்பாளர் நூற்பெயராக்கினர். ஏடுகள் மேலிருந்து கீழாக ஐந்து வரிசைகளாகப் பகுக்கப்பட்டுள்ளன. ஒரு வரிசையை ஏடுகள் அனைத்திலும் வாசித்த பின்னரே அடுத்ததற்கு இறங்குதல் வேண்டும்.

தண்டத்தையே நம்பிய சின் அரசின் அலுவலரிடம் கொன்பூசியசின் அறங்கள் எவ்வாறு வந்தன என ஆய்வாளர் சிலர் வியந்தனர். அவ்வியப்பு நூலை முழுதும் நோக்காமையால் எழுவதாகும். நேர்மை, பணிவு, மக்கள்பால் இரக்கம் என்பன அதிற் கூறப்படுதல் உண்மையே. ஆயின் குற்றங்களின் பட்டியலைக் காண்க. மக்களிடம் செருக்குறுதலும் பதவியிலிருந்து பொருள் பறித்தலும் அங்கே இடம்பெறுகின்றன. மேலோரை எதிர்த்து அதன் கேடுணராமையும், ஏவலை விரைந்து ஏற்காமையும், தன் இல்லத்தில் இன்புற்று அலுவலகத்தை மறத்தலும் அவற்றோடு ஒரே நிரையில் நிற்கின்றன. மதில், வாயிற்பூட்டு, களஞ்சியம், படைக்கலம் ஆகியவற்றைக் கண்காணிக்கும் நினைவூட்டலும் உண்டு. ஆகவே, இங்கே அறம் என்பது கருவூலமும் கதவும் பழுதின்றி இருத்தற்குரிய கருவியே. நூலின் சுருங்கிய சொற்றொடர்கள் மனனஞ் செய்தற்கும் எழுத்துப் பயிற்சிக்கும் ஏற்றவை. யுவேலு கல்விக்கழகம் 2007 இல் ஹொங்கொங்கிலிருந்து பெற்ற சின் ஏடுகளிலும் இத்தகைய தொடர்கள் பல மீண்டும் வருதலின், இதனை ஒருவரின் தனிச்சிந்தனையாகக் கொள்ளுதல் பொருந்தாது.

எனினும் இஃது வெறும் பாடப்புத்தகமே எனத் தள்ளுவதும் தவறு. நூலின் இறுதியில், கி.மு. 252 இல் வேய் நாட்டரசன் பிறப்பித்த சட்டங்கள் இரண்டு படியெடுக்கப்பட்டுள்ளன. வணிகர், விடுதி நடத்துவோர், மனைவி வீட்டிற் குடிபுகுந்த மருமகன் ஆகியோர்க்கு நிலமும் மனையும் வழங்கலாகாது என்பது ஒன்று. மற்றையது, போருக்கு அழைக்கப்படும் அத்தகையோர்க்குச் சோறு தந்து கறியை மறுக்கவும், முற்றுகையில் அகழி தூர்க்க அவரைப் பயன்படுத்தவும் கூறுகின்றது. இரக்கத்தை அறிவுறுத்திய ஏடுகளிலேயே இவையும் உள. முரண்பாடு எழுதியவர் கண்ணிற் பட்டமைக்கு அறிகுறி யாதுமில்லை. குறிப்புரையோ மறுப்போ இன்றி இரண்டும் தொடர்ந்து நிற்கின்றன. கொன்பூசியமா சட்டவியலா என வழக்காடுவோர் முதலில் விடைகாண வேண்டியது இவ்விடத்துக்கே.