மணவாழ்வும் தோழமையும் தனித்திருத்தலும்: இஹ்யாவின் மூன்று நூல்கள்

ஒரு பெருநூலை வாசிப்போர் அதன் கூற்றுகளை மட்டுமன்றி, அதன் வைப்புமுறையையும் கருத்திற் கொள்ளல் வேண்டும். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களின் ‘இஹ்யாவு உலூமித்தீன்’ பத்துப் பத்தாக நான்கு பகுதிகளில் நாற்பது நூல்களைக் கொண்டது. வாழ்வின் வழமைகளைப் பேசும் இரண்டாம் பகுதியில் திருமணம் இரண்டாவதாகவும், தோழமை ஐந்தாவதாகவும், ‘உஸ்லா’ எனும் தனித்திருத்தல் ஆறாவதாகவும் இடம்பெறுகின்றன. மூன்றையும் ஒரே வரிசையில் நிறுத்திய இவ்வமைப்பு, இன்றைய இளையோரின் குழப்பமொன்றைத் தெளிவிக்க வல்லது என்பது நம் கருத்து.

அக்குழப்பம் யாது? 2012இல் டிண்டர் செயலி அறிமுகமானது முதல், ஒரு மனிதரை ஒரு நிழற்படத்தைக் கொண்டு நொடிப்பொழுதில் ஏற்கவும் ஒதுக்கவும் கைப்பேசி பழக்கிவிட்டது. அவ்வாறு தேடிக் கிடைப்பவரிடமோ காதலும், நட்பும், ஆறுதலும், வழிகாட்டலும் ஒருங்கே எதிர்பார்க்கப்படுகின்றன. இதில் சலிப்புற்றோர், எவரும் வேண்டா, தனித்து வாழ்வதே விடுதலை என்கின்றனர். இரு சாராரும் கேட்பது ஒரே கேள்விதான்: எனக்கு என்ன கிடைக்கும்?

இமாமவர்களின் கேள்வி வேறு. திருமணத்துக்கு ஐந்து நன்மைகளையும் மூன்று தீங்குகளையும் அவர்கள் எண்ணிக் காட்டுகிறார்கள். ஆகுமான வழியில் பொருளீட்ட இயலாமை, குடும்பத்தாரின் உரிமைகளை நிறைவேற்றத் தவறுதல், இறைநினைவிலிருந்து திசைதிரும்பல் என்பன அத்தீங்குகள். மணம் சிறந்ததா, மணமின்மை சிறந்ததா என்பதை ஒவ்வொருவரின் நிலையை நிறுத்தே முடிவு செய்யவேண்டும் என்பது அவர்களின் தீர்ப்பு. இமாம் நவவி (ரஹ்) 1277இலும், இப்னு தைமிய்யா (ரஹ்) 1328இலும் மணமுடிக்காமலேயே மறைந்தனர். நம் மேடைகளோ நன்மைகளை மட்டும் எடுத்தோதித் தீங்குகளை விட்டுவிடுகின்றன. மணமாகாதோரை அரை மனிதராகக் காணும் வழக்கத்துக்கு இதுவும் ஒரு காரணம்.

தோழமை பற்றிய நூலே நம்மை மிகவும் வியக்க வைக்கிறது. சகோதரத்துவ ஒப்பந்தம் கணவன் மனைவியரிடையிலான நிகாஹ் ஒப்பந்தம் போன்றதே என்று கூறி, அதற்கு எட்டு உரிமைகளை வகுக்கிறார்கள். பொருளாலும் உடலாலும் உதவுதல், குறையை மறைத்து வாய்மூடுதல், அன்பை வாய்திறந்து சொல்லுதல், பிழை பொறுத்தல், துஆச் செய்தல், விசுவாசம், சுமையாக இராமை என்பன அவை. காதல் வாய்க்கும்வரை பொழுதுபோக்கும் திண்ணையாக நட்பைக் கருதுவோர் இதனைச் சிந்திக்கவேண்டும்.

தனித்திருத்தலுக்கும் இதே தராசுதான். ஆறு நன்மைகளைக் கூறியவர்கள், அதனால் இழக்கப்படும் ஏழு பயன்களையும் கூறுகிறார்கள். உள்ளத்துக்கு இதம் தரும் பழக்கம், பணிவு, அனுபவம் ஆகியன அவற்றுட் சில. இது ஏட்டறிவன்று. 1095இல் பக்தாதின் உயர் பதவியைத் துறந்து ஷாமில் தனித்திருந்த அவர்களைத் தாயகத்துக்கு ஈர்த்தவற்றுள் பிள்ளைகளின் அழைப்பும் ஒன்றென ‘அல்முன்கிதி’ல் அவர்களே பதிவு செய்துள்ளார்கள்.

எனினும் ஒரு குறையை நாம் சுட்டியாகவேண்டும். இத்தராசு ஆணின் கையிலேயே உள்ளது. இல்லப் பணிகளை ஏற்றுக் கணவனின் நேரத்தை மீட்டுத் தருபவளாக மனைவி நன்மைக் கணக்கில் இடம்பெறுகிறாள். அவளுக்கு மணத்தால் வரும் நன்மை எவை, தீங்கு எவை, அவளுடைய கல்விக்கும் தனிமைக்கும் நேரம் எங்கே என்ற கணக்கு அங்கே வரையப்படவில்லை. பெண்கள் அரபுக் கல்லூரிகளில் இஹ்யாவை ஓதும் இக்காலத்தில், அக்கணக்கை அவர்களே எழுதத் தகுதியுடையோர். இமாமவர்களின் முடிவுகளை ஒப்புவிப்பதைவிட, அவர்கள் நிறுத்த முறையைக் கற்பதே அந்நூலுக்கு நாம் செய்யும் நன்றி.